கேட்டுவிட்டுப் போகிறவர்கள்

அந்த நீல நிற அட்டையைச் செய்ய எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது. மேலே ‘மன்னிக்கும் மனசு’ என்று வளைந்த எழுத்தில் எழுதி, கீழே எல்.கே.ஜி. பிள்ளைகள் இருபத்தாறு பேரின் பெயர்களையும் வரிசையாக எழுதினேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நட்சத்திரம் ஒட்ட இடம். சண்டை போட்டுவிட்டு யார் மன்னிப்புக் கேட்கிறார்களோ அவர்களுக்கு ஒரு தங்க நட்சத்திரம். யார் மன்னிக்கிறார்களோ அவர்களுக்கும் ஒன்று. திங்கட்கிழமை காலை அதைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனபோது, பிள்ளைகளைத் திருத்த இதுவரை யாருக்கும் தோன்றாத ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்ட நினைப்பு எனக்கு. அப்போது வயது இருபத்து மூன்று. அந்த வயதில் அப்படி ஒரு நினைப்பு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எனக்குச் சொந்த ஊர் உடையார்பாளையம் பக்கம். மழலையர் ஆசிரியர் பயிற்சி முடித்ததும் லப்பைக்குடிகாட்டில் ஒரு சின்ன நர்சரி பள்ளியில் வேலை கிடைத்தது. பெரம்பலூரில் சித்தி வீட்டில் தங்கி, தினமும் காலையில் பஸ் பிடித்துப் போவேன். ரஞ்சன்குடிக் கோட்டை ஜன்னலில் வந்துபோகும் நேரத்தில் அன்றைய பாடத்தை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் வளைகுடா நாடுகளில் இருந்தார்கள். அப்பாவை அங்கே அத்தா என்பார்கள். கிழமைகளை வரிசையாகச் சொல்லத் திணறும் பிள்ளைகூட ரியாத், தம்மாம், மஸ்கட் என்று பிசகாமல் சொல்லும். யார் அத்தா எங்கே இருக்கிறார், எப்போது வருவார் என்பதுதான் சாப்பாட்டு வேளையில் அவர்களுடைய முக்கியமான பேச்சு.

காலையில் முதல் அரை மணி நேரம் நல்ல பழக்க வகுப்பு. அன்பு, பகிர்ந்து உண்பது, மன்னிப்பது என்று வாரத்துக்கு ஒன்று. அன்பு சுலபமாகவே வந்தது. நாலு வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லித் தர வேண்டிய அவசியமே இல்லை. வாயில் பாதி கரைந்த மிட்டாயை எடுத்து அடுத்தவன் வாயில் வைக்கும் ஆட்கள் அவர்கள். மன்னிப்புதான் மக்கர் செய்தது. அதற்காகத்தான் அட்டை.

அட்டையை மாட்டிய முதல் வாரத்திலேயே வகுப்பில் அடிதடி இரண்டு மடங்கானது. ஒருவன் பக்கத்தில் இருந்தவனைக் கிள்ளினான், “சாரி” என்றான், உடனே என்னைப் பார்த்துக் கையை நீட்டினான். கிள்ளு வாங்கியவனும் கண்ணில் நீர் திரள “பரவால்ல” என்று சொல்லிவிட்டு வரிசையில் வந்து நின்றான். எங்கள் வகுப்பு ஆயா என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், வாய் ஓயாதவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஒரு மூலையில் நின்று பார்த்துவிட்டு, “டீச்சர், இதுங்க ரெண்டும் பேசி வச்சுக்கிட்டு அடிச்சுக்குதுங்க. ஸ்டார் தீந்துட்டா எல்லாம் தானா அடங்கிரும்” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அட்டையைக் கழற்ற மனம் வரவில்லை. யோசித்துப் பார்த்து, குற்றம் அட்டையின் மேல் இல்லை, ‘சாரி’ என்ற சொல்லின் மேல்தான் என்று முடிவு கட்டினேன். கண்டக்டர் ‘ரைட்’ சொல்வதுபோல அதை யார் வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போய்விடலாம், அதனால்தான் மனதில் ஒட்டுவதில்லை என்று தோன்றியது. பொங்கல் விடுமுறையில் ஊரில் உட்கார்ந்து ஒரு முழு வாக்கியத்தைத் தயார் செய்தேன். ‘நான் ஏதாவது தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிரு.’ எதிரே நிற்க வேண்டும், வலது கையை நெஞ்சில் வைக்க வேண்டும், கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். முழுதாகச் சொன்னால்தான் நட்சத்திரம். விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் இதைப் பழக்கினேன். பிள்ளைகள் பாட்டுப் போல ராகம் போட்டுச் சொன்னார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒரே ஒரு பிள்ளை சொல்லவில்லை.

அவள் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். இப்போது பெரிய வகுப்புக்குப் போய்விட்டாள், இதைப் படித்தால் என்னை ஒருவழி பண்ணிவிடுவாள். அன்றைக்கு அவளுக்கு நாலரை வயது. மஞ்சள் வட்ட மேசையில் உட்காருவாள், அதனால் எனக்கு மஞ்சள் மேசைப் பிள்ளை. கைக்குட்டையை நாலாக மடித்துச் சட்டையில் ஊக்குப் போட்டுக் குத்தியிருக்கும்; அதைக்கொண்டு தன் மூக்கைத் துடைத்ததைவிட ஊரார் மூக்கைத் துடைத்ததுதான் அதிகம். யாராவது அழுதால் முதலில் எழுந்து போவாள். ஒன்றும் பேச மாட்டாள், பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்துகொள்வாள். முதல் பருவத்தில் ‘சாரி’ சொல்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலிக்கும் சொல்வாள்.

அப்படிப்பட்டவள் பொங்கலுக்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. யாருடைய காலையாவது மிதித்துவிட்டால் குனிந்து அந்தக் காலைத் தடவிக்கொடுப்பாள், தன் முறுக்கை எடுத்து நீட்டுவாள், ஆனால் அந்த வாக்கியத்தை மட்டும் சொல்ல மாட்டாள். அதைவிட விசித்திரம், அவளிடம் வந்து வேறு யாராவது கேட்டாலும் இரண்டு கையாலும் காதை இறுகப் பொத்திக்கொள்வாள். ஒருநாள் பச்சை மேசைப் பையன் ஒருவன் அவள் பின்னலை இழுத்துவிட்டு, நெஞ்சில் கை வைத்து முறைப்படி ஆரம்பித்தான். அவள் ஓடிப்போய்ப் பொம்மை அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவன் விடவில்லை, பின்னாலேயே போய்ச் சொல்லி முடித்து நட்சத்திரம் வாங்கிக்கொண்டான். மறுநாள் அவனுக்குக் காய்ச்சல், நாலு நாள் வரவில்லை. அந்த நாலு நாளும் அவள் அவனுடைய காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். காரணம் தெரியவில்லை. பதிவேட்டில் ‘பிடிவாதம்’ என்று எழுதி வைத்தேன்.

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒன்று ஏன் அப்படி நடக்கிறது என்று தெரியாவிட்டால் பல்லில் மாட்டிய நார் போல உறுத்திக்கொண்டே இருக்கும். பஸ்ஸில், சாப்பாட்டில், சித்தி பேசும்போது எல்லாம் இந்தப் பிள்ளைதான் நினைப்பில். இரக்கம் இருக்கிறது, வெட்கமில்லை, பயந்த சுபாவமும் இல்லை. பின் ஏன் இந்த ஐந்து சொல்லுக்கு மட்டும் இப்படி? சரியான கேள்விதான். அதை அவளிடமோ அவள் அம்மாவிடமோ கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. அவளைச் சொல்ல வைத்துவிட்டால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

மாசி மாதத்தில் ஒருநாள் களிமண் வேலை. பிள்ளைகள் முந்தின நாள் செய்த மாடும் யானையும் ஜன்னல் விளிம்பில் காய்ந்துகொண்டிருந்தன. மஞ்சள் மேசைப் பிள்ளை யாரும் சொல்லாமலேயே தன் கைக்குட்டையால் விளிம்பைத் துடைக்கப் போனாள். கை பட்டு, பச்சை மேசைப் பையனின் யானை கீழே விழுந்து துதிக்கை ஓரிடம், உடம்பு ஓரிடம் ஆனது. அவன் அலறினான். அவள் முகம் வெளுத்துப்போய், தன்னுடைய மாட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அவன் கையில் திணித்தாள். அவனுக்கு மாடு வேண்டாம், யானைதான் வேண்டும். அவள் தரையில் உட்கார்ந்து துண்டுகளை ஒன்றாக வைத்து அமுக்கிப் பார்த்தாள். காய்ந்த மண் ஒட்டவில்லை.

நான் போய் நின்றேன். “சொல்லும்மா” என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். “எல்லாரும் சொல்றாங்கள்ல? ஒரு தடவ சொல்லு, போதும்.” அசையவில்லை. அன்றைக்கு என்னவோ எனக்குள் ஒரு வீம்பு ஏறிவிட்டது. அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வகுப்பு வாசலில் நிறுத்தினேன். “சொல்லிட்டு உள்ள வா. அதுவரைக்கும் இங்கயே நில்லு” என்றேன்.

காலை இடைவேளை முடிந்தது. பாட்டு வகுப்பு முடிந்தது. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆயா அக்கா இரண்டு தடவை என் பக்கத்தில் வந்து, “போதும் டீச்சர், பச்சப்புள்ள” என்றார். நான் காதில் வாங்கவில்லை. பிறகு அந்தப் பச்சை மேசைப் பையனே, யானையை இழந்தவனே, என் சேலையைப் பிடித்து இழுத்தான்.

“டீச்சர், அவ கேக்க வேணாம். உள்ள வரட்டும்.”

“கேட்டாத்தான் வரலாம். நீ போய் உக்காரு” என்றேன்.

இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கூசுகிறது. எந்தப் பாடத்துக்காக நான் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அட்டை செய்தேனோ, அதை நாலு வயதுப் பையன் ஒருவன் யாரும் கேட்காமல், நட்சத்திரம் இல்லாமல், என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு செய்துகாட்டினான். நான் அவனை உட்காரச் சொன்னேன்.

சாப்பாட்டு மணி அடித்தபோது அவள் காலடியில் ஈரம் பரவியிருந்தது. பாத்ரூம் போக வேண்டும் என்று கேட்கக்கூட அவள் வாயைத் திறக்கவில்லை. ஆயா அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. ஒரு வாரம் கழித்து அவள் அம்மா பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்து, இந்த வருடம் போதும், வரும் வருடம் வேறு பள்ளியில் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டதாகத் தெரிந்தது. புகார் எதுவும் சொல்லவில்லையாம். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் என்றாலே பயந்து ஒதுங்கினால் அதற்கு நான்தான் காரணம் என்பது நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது. அன்று சாயங்காலம் பள்ளி விட்டதும் பஸ்ஸுக்குப் போகாமல் அவள் வீட்டைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும், அவளை மறுபடி வகுப்புக்கு வரவைக்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அவள் அம்மா முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு வந்து, “வாங்க டீச்சர், உக்காருங்க” என்றார். என் வயதுதான் இருக்கும் அவருக்கும். டீயும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து வைத்தார். நடந்ததை நான் ஒளிக்காமல் சொன்னேன். அவர் முகம் இறுகியது. “அவ எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல டீச்சர். ஸ்கூலுக்குப் போவ மாட்டேன்னு மட்டுந்தான் அழுவுறா. என்னத்தக் கேட்டாலும் பேச்சில்ல” என்றார்.

அதற்குள் பிள்ளை அறைக் கதவோரம் வந்து எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஓடிவந்து என் மடியில் கை வைத்து நின்றாள். நான் பழக்கியபடியே, நெஞ்சில் கை வைத்து ஆரம்பித்தேன். “டீச்சர் ஏதாவது தப்பு செஞ்சிருந்தா...”

அவள் காதைப் பொத்திக்கொண்டு வீல் என்று கத்தினாள். வாசலுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது என் செருப்பு இரண்டையும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். எங்களைக் கடந்து உள்ளே ஓடி, கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். நானும் அவள் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

அம்மா தரையில் படுத்துக் கட்டிலுக்கு அடியில் பார்த்துக் கேட்டார். “என்னம்மா இது? டீச்சர் செருப்ப ஏன் எடுத்த?”

“டீச்சர் போவக் கூடாது.”

“டீச்சர் எங்க போறாங்க? இங்கதான இருக்காங்க?”

“மன்னிச்சிருன்னு கேட்டாங்கள்ல. கேட்டாப் போயிருவாங்க.”

அந்த அம்மா அப்படியே தரையில் எழுந்து உட்கார்ந்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும்தான் போல. பிறகு நிதானமாகச் சொன்னார். அவர்கள் வீட்டில் யாராவது தூரப் பயணம் கிளம்பினால், எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வாசற்படி தாண்டுவார்கள். முந்தின வருடம் பிள்ளையின் தாத்தா ஹஜ்ஜுக்குப் போகும்போது தெரு முழுவதும் வீடு வீடாக ஏறிக் கேட்டுவிட்டுப் போனார். பொங்கல் விடுமுறையில் அத்தாவின் லீவு முடிந்தது. பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் பிள்ளையின் முன்னால் உட்கார்ந்து, நெஞ்சில் கை வைத்து, ‘அத்தா ஏதாச்சும் தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிரும்மா’ என்று கேட்டார். எழுந்தார், பெட்டியை எடுத்தார், திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கார் ஏறினார். அதன்பின் அவள் அவரைப் போனில் மட்டும்தான் பார்க்கிறாள்.

அவர் கிளம்பிய அடுத்த வாரம்தான் நான் என் வாக்கியத்தோடு வகுப்புக்குள் நுழைந்திருந்தேன்.

எல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. பச்சை மேசைப் பையன் அவளிடம் மன்னிப்புக் கேட்டான், மறுநாள் நாற்காலி காலி. அவளைப் பொறுத்தவரை அதற்குக் காரணம் காய்ச்சல் இல்லை. கேட்டவர்கள் போய்விடுவார்கள், அவ்வளவுதான். அப்படியானால் அவளே கேட்டால்? அவளே போக வேண்டும். நான் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியது வாசலில். ‘சொல்லிட்டு உள்ள வா’ என்றேன். வாசலில் நின்று அந்தச் சொல்லைச் சொன்னவர்கள் யாரும் சொன்ன கையோடு உள்ளே திரும்பி வந்து அவள் பார்த்ததில்லை. வகுப்பை விட்டு, எங்களை எல்லாம் விட்டுப் போக மனமில்லாமல்தான் அந்தப் பிள்ளை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அத்தனை நேரம் வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறாள். அதைத்தான் நான் பிடிவாதம் என்று எழுதி வைத்திருந்தேன்.

அந்த நேரத்தில் போன் அடித்தது. அங்கே அப்போது மதியம்; வேலை இடைவேளையில் அத்தா தினமும் கூப்பிடும் நேரம் அது. அம்மா போனை என் பக்கம் திருப்பினார். தலையில் வேலைத் தொப்பியோடு, பின்னால் பாதி கட்டிய கட்டடத்தோடு ஒரு முகம். சலாம் சொன்னார். மனைவி நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“டீச்சர்” என்றார் பிறகு. “போற எடத்துல என்னாவும்னு அல்லாவுக்குத்தான் தெரியும். கேக்காமக் கெளம்புனா மனசு ஒப்பாது. சின்னதுலேர்ந்து அப்படித்தான் பழக்கம். இப்ப நான் அடுத்த தடவ எப்படிக் கெளம்புறது, சொல்லுங்க.”

தெரியவில்லை என்றே சொன்னேன். பயிற்சியில் இதற்குப் பாடம் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். கட்டிலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, அந்த வாக்கியத்தை விட்டுவிட்டு, “நான் உன்ன வாசல்ல நிறுத்துனது தப்பு. இப்ப நான் போவல. இங்கயேதான் இருப்பேன்” என்றேன். உட்கார்ந்தேன். முதல் பஸ் போனது. அடுத்த பஸ்ஸும் போனது. அம்மா அடுப்படி வேலையைப் பார்த்தார். நான் கட்டிலுக்கு அடியில் பார்த்து ஆயா அக்காவைப் பற்றி, புதிதாக வந்த மரக்குதிரையைப் பற்றி எல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கை வெளியே வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டது. பிறகு தலை வந்தது. என் மடியில் படுத்துக்கொண்டு, அவ்வப்போது நிமிர்ந்து நான் இருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டாள். வெயில் தாழ்ந்து விளக்கு போடும் நேரத்தில் தானே கட்டிலுக்கு அடியில் போய் ஒரு செருப்பை எடுத்துவந்து கொடுத்தாள். ஒன்றை மட்டும்தான். இன்னொன்றைக் கேட்டதற்குத் தலையாட்டினாள். “நாளைக்கு” என்றாள்.

அவள் அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு கடைசியில் பெரம்பலூர் பஸ் ஏறினேன். மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே அவள் வகுப்பில் இருந்தாள். சாப்பாட்டுப் பையில், டிபன் டப்பாவுக்கு மேல், பிளாஸ்டிக் கவரில் சுற்றி என் இன்னொரு செருப்பு. ஆயா அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு அதை எடுத்துக் கொடுத்தார். நான் வகுப்புக்கு நடுவில் நின்று, அவளை வாசலில் நிறுத்தியது தப்பு என்று எல்லோரிடமும் சொன்னேன். இருபத்தாறு பிள்ளைகளும் டீச்சருக்கு நட்சத்திரம் உண்டா என்று பார்த்தார்கள். அட்டையைக் கழற்றினேன்.

அதற்குப் பிறகு சில வாரம் நான் ஒன்றும் சொல்லித் தராமல் வேடிக்கை பார்த்தேன். சண்டை போட்ட பிள்ளைகள் என்னதான் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. தள்ளிவிட்டவன் விழுந்தவனின் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே அலைந்தான். காய் விட்ட இரண்டு பேர், சுண்டுவிரல் காட்டிப் பிரிந்தவர்கள், ஒரு எறும்பு ரொட்டித்துண்டை இழுத்துப் போவதைச் சேர்ந்து பார்த்ததில் சண்டையையே மறந்துபோனார்கள். ஒருத்தி மட்டும் மூன்று நாள் பழம் விடாமல் வைராக்கியமாக இருந்தாள். நாலாம் நாள் யாரும் கேட்காமல் இரண்டு விரலை நீட்டினாள். ஒவ்வொருவருக்கும் ஒரு நேரக்கணக்கு இருந்தது. அது என்ன கணக்கு என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. இப்போது அரியலூரில் ஒரு பள்ளியில் மழலையர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். சிமெண்ட் லாரிகள் போகும் சாலை ஓரம். கரும்பலகையைவிட ஜன்னலைத்தான் அடிக்கடி துடைக்க வேண்டும். “மேம், சாரி சொல்லவே மாட்டேங்கறான், கொஞ்சம் சொல்லிக் குடுங்க” என்று வரும் பெற்றோரிடம், அவன் வீட்டில் அந்தச் சொல்லை யார் எப்போது சொல்வார்கள் என்று முதலில் கேட்கிறேன். சிலர் யோசிக்கிறார்கள். பலர் இந்த மேம் ஒரு மாதிரி என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

அத்தாவின் கேள்விக்கு வருகிறேன். இரண்டு வருடம் கழித்து அவர் லீவில் வந்தார். அப்போது அவள் அதே லப்பைக்குடிகாட்டுப் பள்ளியில் முதல் வகுப்பு, நானும் அங்கேதான் இருந்தேன். பள்ளிக்கு வந்து எனக்கும் ஆயா அக்காவுக்கும் பேரீச்சம்பழமும் தைல பாட்டிலும் கொடுத்தார். நேரில் பார்த்தால் போனில் தெரிந்ததைவிடச் சின்ன ஆள், கூச்ச சுபாவம். மூன்று மாதம் மகளைத் தினமும் அவரேதான் கொண்டுவந்து விட்டார். கிளம்பும் நாள் ஒரு ஞாயிறு. மதியச் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். “நேத்து இவ ஸ்கூல்ல இருந்தப்பவே இவ அத்தா தெருவுல எல்லார்கிட்டயும் கேட்டு முடிச்சிட்டாங்க. இவகிட்ட மட்டும் கேக்கல. ‘பயந்துருவா, வேணாம்’னுட்டாங்க. ராத்திரியெல்லாம் மனசு சங்கடம் அவங்களுக்கு.” முந்தின நாள் சனிக்கிழமை, அரை நாள் பள்ளி இருந்தது, அதைக் கணக்குப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்.

கார் வாசலில் நின்றது. பெட்டி ஏறியது. அவர் மகளைத் தூக்கிக் கொஞ்சினார், இறக்கிவிட்டார், “அம்மா சொல்றபடி கேளு, அத்தா தெனம் போன் பண்றேன்” என்று வழக்கமானதை எல்லாம் சொன்னார். அவளும் தலையாட்டினாள். அவர் காரின் கதவைத் திறந்தார்.

“அத்தா” என்றாள். “எதிர் வீட்ல எல்லாம் கேட்டீங்களாம். எங்கிட்ட மட்டும் கேக்கல?”

அவர் மனைவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் கதவை விட்டுவிட்டு வந்து, சலவை செய்த பயணச் சட்டையோடு அந்தத் தெரு மண்ணில் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். நெஞ்சில் கை வைத்தார். “அத்தா ஏதாச்சும் தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிரும்மா.”

மற்றவர்கள் இதற்கு உடனே பதில் சொல்லிவிடுவார்கள். அவள் சொல்லவில்லை. தப்பு ஏதாவது இருக்கிறதா என்று நிஜமாகவே யோசித்தாள். டிரைவர் மணியைப் பார்த்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

“ஒண்ணு இருக்கு” என்றாள். “எங்கிட்ட கேக்காமப் போவப் பாத்தீங்கல்ல, அது தப்பு.” பிறகு அவர் தோளில் கை வைத்து, “மன்னிச்சிட்டேன். போயிட்டு வாங்க” என்றாள்.

அவர் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது.